மன்றத்துக்கு நம் கிணற்றுத் தண்ணீர்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரியும் மகளும் நலந்தானே?

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறேன் என்று இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். நம்மைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? போனை எடுத்தால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுதான் வசதி.

நகர மன்றத் தலைவி ஆனதிலிருந்து எனக்கு ஒரே தலைவலி. கடற்கரைக்கு ஆட்கள் வருவதும் நிற்கக் கூடாது, வருகிறவர்கள் ஊரைக் குடித்துவிட்டுப் போகவும் கூடாது. குடித்துவிட்டு என்று சும்மா சொல்லவில்லை. சீசன் வந்தால் விடுதிகள் ராப்பகலாகக் கிணற்றை இறைக்கின்றன. நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அடியில் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. கடலோரத் தெருக்களில் வாய் கொப்பளித்தாலே கரிக்கிறது என்கிறார்கள். உப்புத் தண்ணீர் மோட்டாரைத் தின்கிறது. அதனால் மோட்டார் ரிப்பேர் செய்கிற உன் மாமாவுக்கு மட்டும் கொண்டாட்டம்.

இதை மன்றத்தில் சொன்னால் உறுப்பினர்கள் தலையை ஆட்டிக்கொண்டே டீ குடிக்கிறார்கள். எந்தத் தண்ணீரில் போட்ட டீ? கேன் தண்ணீரில்! எனக்கு வந்ததே கோபம். கேனை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தெருவின் கிணற்றுத் தண்ணீரில்தான் டீ. முறை வைத்து, அந்தத் தெருவின் உறுப்பினரே கெட்டிலில் கொண்டுவர வேண்டும். படகுத்துறைப் பக்கம் பெரிய விடுதி வைத்திருக்கிறாரே, லாட்ஜ்காரர், அவரும் ஓர் உறுப்பினர். "என்னம்மா, இது மன்றமா டீக்கடையா?" என்று கேட்டார். "குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

அப்பா அம்மா வீட்டில் மாடி எடுத்து விருந்தினர் அறைகள் கட்ட நீ அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. முறைப்படி வரும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். முதுகு இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே, தடவு.

உன் டீக்கடையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணி லெட்டரா? அதான் பல்லெல்லாம் தெரியுது" என்றாள்.

என்னைப் பற்றி என்ன எழுத? அதே பெரிய ஹோட்டல், அதே கீழ்த்தளம், அதே துணி அறை. வெளுக்கப் போட்ட பெட்ஷீட், வெளுத்து வந்த பெட்ஷீட். ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பதை, மேலிருந்து வரும் டவல் எவ்வளவு ஈரம் என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இத்தனை வருடமாக அடுத்தவர் வீட்டு விருந்தாளிகளுக்குப் படுக்கை விரித்தாயிற்று. இனி நம் வீட்டில், நம் விருந்தாளிக்கு விரிக்க வேண்டும். மாடியில் நாலே நாலு அறை, போதும். கடலைப் பார்த்த ஜன்னல்களுக்கு நீலம் அடிக்க வேண்டும் என்று மகள் இப்போதே அடம் பிடிக்கிறாள். சமையல் தன் பொறுப்பு என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள்.

அனுமதி எப்போது கிடைக்கும்? தம்பி என்பதற்காக வரிசையில் முன்னால் இழுக்க வேண்டாம். பின்னால் தள்ளாமல் இருந்தால் போதும்.

உன் தம்பி

*

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. தடவினேன். ஊரே மணக்கிறது. முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மகளுக்குப் பரீட்சை முடிந்ததா? முதுகு எப்படி என்று கேட்டால் இருக்கிறது என்கிறாய், அது ஒரு பதிலா?

இங்கே நடந்த கூத்தைக் கேள். போன கூட்டத்துக்கு லாட்ஜ்காரரின் முறை. டீ என்றால் அப்படி ஒரு டீ! எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். "பாத்தீங்களா, எங்க தெருவுல தண்ணிக்கு ஒரு குறையும் இல்ல" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எனக்குச் சந்தேகம், இது கேன் தண்ணீரோ என்று. இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்தேன், காலிக் கெட்டிலை எடுத்துக்கொண்டேன், "வாங்க, இன்னொரு கெட்டில் போடலாம்" என்று எல்லோரையும் அவர் விடுதிக்கே நடத்திக்கொண்டு போனேன். எல்லோர் கண் முன்னாலும் கிணற்றில் இறைத்து, அவர் அடுப்பிலேயே கொதிக்கவைத்தேன். முதல் வாயிலேயே இன்னோர் உறுப்பினரான ஐஸ் ஃபாக்டரிக்காரர் துப்புவதற்கு ஜன்னலுக்கு ஓடினார். லாட்ஜ்காரர் மட்டும் முகத்தைச் சுளிக்காமல் டம்ளரை முழுக்கக் குடித்தார். மனிதரின் ரோஷத்தை மெச்சத்தான் வேண்டும்.

அன்றைக்கே ஒரு விதி எழுதினோம். எந்தத் தெருத் தண்ணீரில் போட்ட டீயைக் குடிக்க முடியவில்லையோ, அந்தத் தெருவில் புது அறைக்கு அனுமதி இல்லை. தண்ணீர் திரும்புகிறவரைக்கும். யார் வீடு, எவர் வீடு என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

இன்னும் சில தெருக்கள் பாக்கி. உன் மாமா கூப்பிடுகிறார், அப்புறம் எழுதுகிறேன். உன் முதுகைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மகள் பரீட்சையை முடித்துவிட்டுப் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

லாட்ஜ்காரர் கதையை நண்பர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உன் விதியும் நல்ல விதி. நம் கிணற்றைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தெருவில் பாதி வீடு நம்மிடம்தானே தண்ணீர் எடுத்தது? கல்கண்டுத் தண்ணீர் என்று அப்பா பீற்றிக்கொள்வாரே.

ஆனால் என் விண்ணப்பத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. என் முதுகை மட்டும் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாய். மறந்துவிட்டாயா? இருக்கட்டும், தலைவிக்கு ஆயிரம் வேலை.

எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நல்ல செய்திதான். அனுமதிக் கடிதம் வந்த பிறகு சொல்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். வெயில் கொளுத்துகிறது. முழங்கால் தேவலை.

கார்களையெல்லாம் ஊருக்கு வெளியே மேட்டில், பழைய செங்கல் சூளை மைதானத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டோம். அங்கிருந்து கடற்கரைக்கு மன்றத்தின் பஸ். முதல் நாள் பஸ்ஸில் ஏறியவர்களைவிட என்னைத் திட்டியவர்கள் அதிகம். இப்போது பழகிவிட்டார்கள். தெருவில் பிள்ளைகள் மறுபடி பந்து விளையாடுகிறார்கள். மணல்மேட்டுப் புல் மிதிபடாமல் இருக்கப் பலகைப் பாதை போட்டோம். அதில் ஒரு பலகை மட்டும் கிறீச்சிடுகிறது. அதன்மேல் குதிப்பதற்கென்றே பிள்ளைகள் வருகிறார்கள். மாமாவுக்கு லேசாக ஜலதோஷம். பக்கத்து வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது, எல்லாம் ஒரே நிறம்.

தண்ணீர் விஷயம் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 12

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் மகள் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இல்லை, அவளுக்கும் தெரியாமல்தான் எழுதுகிறேன். பொய் எழுதக் கை வருகிறது, பாருங்கள்.

அவர் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டார், அண்ணி. இந்த மாதக் கடைசியோடு சரி. அனுமதி வந்ததும் சொல்லி உங்களை அசத்த வேண்டுமாம். அவர் விட்டதற்கு மாடி மட்டும் காரணமில்லை. துணி மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. இனி எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஷூ லேஸை மகள்தான் கட்டிவிடுகிறாள். இதையெல்லாம் உங்களுக்கு எழுத மாட்டார். கேட்டால், "அக்காவுக்கு ஏற்கெனவே முழங்கால் ஒண்ணு போதும்" என்பார்.

உங்கள் போன கடிதத்தைப் பல தடவை படித்தார். "பூனைக்குட்டி நிறம்கூட எழுதியிருக்கா, நம்ம மாடியைப் பத்தி எழுதல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

எதுவானாலும் சொல்லிவிடுங்கள், அண்ணி. தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

உங்கள் தம்பி மனைவி

*

மே 20

என் தம்பிக்கு,

நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே, அவளைத் திட்டாதே. நானும் நலமில்லை. ஏப்ரல் மாதக் கடிதத்தை நான் எழுதும்போதே எல்லாம் முடிந்திருந்தது. உனக்குச் சொல்லத் தைரியமில்லாமல் பூனைக்குட்டியை எழுதினேன்.

நம் தெருவின் முறை வந்தது. அந்தத் தெருவின் உறுப்பினர் நான்தானே. காலையில் வீட்டுக்குப் போய்க் கிணற்றில் வாளியை இறக்கினேன். மேலே வந்ததும் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். தம்பி, கரித்தது. கொல்லைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் தெருவில் இருபுறமும் விடுதி, இருபுறமும் பெரிய மோட்டார். நடுவில் நம் கிணறு மட்டும் எப்படித் தப்பும்? இத்தனை நாள் அதை யோசிக்காமலே இருந்திருக்கிறேன்.

கெட்டிலோடு வெளியே வந்தால் வாசலில் லாட்ஜ்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "தம்பி வீடுதானேம்மா. முக்குக் கடையில கேன் இருக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். முக்குக் கடை வரைக்கும் நடந்தேன். கேனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர், "என்ன வேணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மன்றத்துக்குப் போனேன்.

டீயை ஒருவராலும் குடிக்க முடியவில்லை. உன் விண்ணப்பத்தை எடுத்தபோது நான் வெளியே போய்விட்டேன், அக்கா ஆயிற்றே. உள்ளே இருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. மறுத்து எழுதிய தாளில் தலைவி என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட்டேன். அதை உனக்கு அனுப்பாமல் இத்தனை நாள் மேசைக்குள் வைத்திருந்தேன். இத்துடன் இருக்கிறது.

நீ வேலையை விட்டுவிட்டாய் என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் செய்து திட்டிவிடு. நான் குறுக்கே பேச மாட்டேன்.

அக்கா

*

ஜூன் 18

தம்பி,

நலமா? ஒரு வரி எழுது. வெற்றுக் காகிதமாக இருந்தாலும் அனுப்பு.

அக்கா

*

ஜூலை 28

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

போன் செய்யாததற்குக் காரணம், செய்திருந்தால் இந்த ஜென்மத்தில் மறுபடி பேசியிருக்க மாட்டோம். விதி உன் விதி, கெட்டில் உன் கெட்டில், எல்லாம் நியாயம். லாட்ஜ்காரரைப் பிடித்த நீ கேனைத் தொட்டிருந்தால் உன்னை நானே மதித்திருக்க மாட்டேன். அதெல்லாம் புரிகிறது. ஆனால் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால், கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கியிருப்பேனே! தலைவி தன் வேலையைச் சரியாகச் செய்தாள். அக்காதான் செய்யவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில்தான் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து அறைகளைப் பூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புது அறையை நிறுத்தினால் பழைய அறை குடிப்பதை நிறுத்திவிடுமா? மனிதன் எவ்வளவு குடிக்கப்போகிறான், எவ்வளவு குளிக்கப்போகிறான்? துணி, அக்கா, துணி! தினமும் ஒரு பெட்ஷீட் மாற்று, காலையில் ஒரு டவல், கடலுக்குப் போய்வந்தால் இன்னொரு டவல். ஒவ்வொரு விடுதியின் கொல்லையிலும் ஒரு வாஷிங் மெஷின், ஒவ்வொன்றின் வாயிலும் உங்கள் கிணறு. இத்தனை வருடம் அந்த அறையில் நின்றவனுக்குத் தெரியாதா? கடற்கரையில் ஒரு துணிகூடத் துவைக்காதீர்கள். எல்லாவற்றையும் மேட்டுக்குக் கொண்டுபோய், ஏரித் தண்ணீரில், ஒரே இடத்தில் துவையுங்கள். துவைத்த தண்ணீரைச் சுத்தப்படுத்தி மரங்களுக்கு விடுங்கள். அதைச் செய்ய ஒருவருக்கும் மூளை இல்லை, டீ போட்டு விளையாடுகிறீர்கள்.

தம்பி

*

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

நீ திட்டியதைப் படித்ததும்தான் உயிர் வந்தது. முதல் பாதியை என் பீரோவில் வைத்துக்கொண்டேன். நீ சொன்னது சரி, நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது பாதியை மன்றத்தில் சத்தமாகப் படித்தேன். கடைசி வரியை விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. "ஒருவருக்கும் மூளை இல்லை" என்றதும் எல்லோரும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்கள். லாட்ஜ்காரர்தான் முதலில் சிரித்தார். "அவர் சொல்றது நிசம்தாம்மா. எங்க மெஷின் நின்னா மோட்டாரும் நிக்கும். எங்களுக்கும் அந்தத் தொல்லை விட்டாப் போதும்னுதான் இருக்கு" என்றார். பிறகு மளமளவென்று நடந்தது. செங்கல் சூளை மைதானத்தில் கார் நிற்காத பாதியில் பொதுச் சலவைக்கூடம். கொட்டகை ஏற்கெனவே இருக்கிறது. விருந்தினர் கேட்டால்தான் பெட்ஷீட் மாற்றுவது. ஒவ்வொரு விடுதிக் கிணற்றுக்கும் மீட்டர். மீட்டர் பொருத்துவது உன் மாமா. மோட்டார் ரிப்பேர் குறையுமே என்று முதலில் மூக்கால் அழுதார், இப்போது புது வேலை கிடைத்ததும் விசில் அடிக்கிறார்.

சலவைக்கூடத்தை நடத்த ஆள் வேண்டும். விளம்பரம் பலகையில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், நீயும்தான். தேர்ந்தெடுக்கிற நாளில் நான் அறையிலேயே இருக்க மாட்டேன், கதவுக்கு வெளியே காதையும் வைக்க மாட்டேன். கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இந்தத் தடவை எதுவானாலும் அன்றைக்கே எழுதிவிடுவேன்.

உன் முதுகு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

அக்கா

*

ஆகஸ்ட் 26

அன்பு அக்காவுக்கு,

முதுகு மோசம். உண்மை போதுமா? ஷூவை விட்டுச் செருப்புக்கு மாறிவிட்டேன், அதனால் மகளுக்கு ஒரு வேலை மிச்சம்.

பெட்ஷீட்டிலிருந்து தப்பிக்க ஊருக்கு வரலாம் என்று பார்த்தால், ஊரே பெட்ஷீட்டோடு காத்திருக்கிறது! உன் விளம்பரத்தைப் படித்து என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அங்க ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள்.

விண்ணப்பம் இத்துடன். மூட்டை தூக்க மாட்டேன், தள்ளுவண்டி வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட்டேன். கொட்டகையில் ஜன்னல் இருக்கிறதா என்பதை மட்டும் எனக்குத் தனியாக எழுது.

தம்பி

*

ஆகஸ்ட் 31

தம்பி,

நான்கு பக்கமும் ஜன்னல். மேற்கே ஏரி, கிழக்கே தூரத்தில் கடல். மற்றது மன்றத்தின் கையில்.

அக்கா

*

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

நம் வீட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடலோர மன்றங்களின் மாநாட்டில் உனக்கு நல்ல வரவேற்பாமே. படுக்கை வசதியாக இருக்கிறதா? டவலைத் தினமும் மாற்றச் சொல்லிக் கேட்டாய் என்று தெரிந்தால் உன்னைச் சலவைக்கூடத்துக்குள் விட மாட்டேன். இங்கே எல்லோரும் நலம். என் முதுகும் சேர்த்துத்தான், தள்ளுவண்டி புண்ணியம். மாடி இல்லாத வீட்டுக்கு இருக்கிற ஜன்னல்களிலேயே மகள் நீலம் அடித்துவிட்டாள். நாலில் மூன்று கோணல்.

இந்த வாரம் நம் தெருவின் முறை. நீ ஊரில் இல்லாததால் கெட்டிலை நான் கொண்டுபோனேன். மழை நன்றாகப் பெய்திருக்கிறது, மெஷின்களும் கடற்கரையைவிட்டுப் போய் இத்தனை மாதம் ஆகிறது. ஆனாலும் வாளியை மெதுவாகத்தான் இறக்கினேன். வாசலில் லாட்ஜ்காரர் நின்றிருந்தார். "முக்குக் கடையில கேன் இருக்கு" என்று கண்ணடித்தார். "கேனை நீங்க குடிங்க" என்றேன்.

கூட்டத்தில் டீயைக் கொடுத்தார்கள். உப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நுனி நாக்கில் இருக்கிறது. ஆனால் ஒருவரும் ஜன்னலுக்கு ஓடவில்லை. ஐஸ் ஃபாக்டரிக்காரர் சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னார். சர்க்கரைக்குக் குறை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டோம், அக்கா! நம் தெருவுக்குப் போட்ட தடையை எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னொரு சீசன் போகட்டும்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. பரவாயில்லை. மாடி எங்கேயும் ஓடிவிடாது.

வீட்டுக்கு வந்து எனக்கென்று ஒரு டீ போட்டு, இந்தப் படியில் உட்கார்ந்து குடித்தேன். மகள் கோணல் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே ஏதோ கதை சொன்னாள், நானும் ஏதோ பதில் சொன்னேன். டம்ளர் காலியான பிறகுதான், உப்பு இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை என்பது நினைவு வந்தது.

இதை முடித்ததும் உனக்குப் போன் செய்யப்போகிறேன். கடிதம் வருவதற்குள் சண்டை போட்டு முடித்திருப்போம்.

உன் தம்பி